பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? டாக்டர் ஆசையுள்ள பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே பள்ளி அலுவலகத்தின் முன்னால் வரிசை நிற்கும். உள்ளே மேஜையில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி "எந்த குரூப்?" என்பதுதான். யோசிக்கக் கிடைப்பது அரை நிமிடம். "டாக்டருக்குப் படிக்கணும் சார்" என்றால் மார்க் ஷீட்டை ஒரு பார்வை பார்ப்பார். மார்க் நன்றாக இருந்தால் பயோ-மேத்ஸ் (இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம்), கொஞ்சம் குறைந்திருந்தால் கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ். அவ்வளவுதான், இரண்டு வருடம் முடிவாகிவிடும்.

அந்த அரை நிமிடத்துக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இந்த வருடம் பதினொன்றாம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதியது இது. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்துவிட்டால் என்ன குரூப் படித்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. சீட் கிடைக்காமல் போனால்தான் அந்த குரூப் கணக்குக்கு வரும். ஆகவே குரூப்பை முடிவு செய்யும்போது "கிடைக்காவிட்டால் என்ன?" என்ற கேள்வியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே முடிவு செய்யுங்கள். இதைப் பேசுவது அபசகுனம் என்று நினைக்கும் வீடுகள் நிறைய. நீட் எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அரசுக் கல்லூரி இடம் கிடைப்பதில்லை என்பதும் அந்த வீடுகளுக்குத் தெரிந்ததுதான்.

படி 1: மருத்துவச் சேர்க்கை விதி எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள்

நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், அதோடு ஆங்கிலம். இவற்றில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களிலும் சேர்த்து பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 40 சதவீதம். அதாவது 300-க்கு 150 அல்லது 120. சேர்க்கை நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். கணிதம் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

பியூர் சயின்ஸ் குரூப்பில் உயிரியல் என்ற பெயரில் பாடம் இருக்காது, தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக இருக்கும். "உயிரியல்னு மார்க் ஷீட்டில் இல்லையே, நீட் எழுத முடியுமா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். தாராளமாக எழுதலாம். இரண்டையும் சேர்த்துத்தான் உயிரியலாகக் கணக்கிடுவார்கள்.

தொழிற்கல்விப் பிரிவில் மட்டும் கவனம் தேவை. குரூப்பின் பெயரில் செவிலியம் இருக்கிறது, மருத்துவத்துக்குப் பக்கத்தில்தானே என்று நம்பிச் சேர்ந்துவிடுவார்கள். பெயரைப் பார்க்காதீர்கள். அந்த குரூப்பின் பாடப் பட்டியலில் இயற்பியலும் வேதியியலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பாதை மருத்துவக் கல்லூரிக்குப் போகாது.

அதேபோல "ஃபர்ஸ்ட் குரூப்", "செகண்ட் குரூப்" என்று பள்ளியில் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பள்ளியில் செகண்ட் குரூப் என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், அடுத்த தெருப் பள்ளியில் அதே பெயர் பியூர் சயின்ஸுக்கு. நான்கு பாடங்களின் பெயரையும் கேட்டு, கையெழுத்துப் போடும் படிவத்தில் அவைதான் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

படி 2: எந்த மார்க் எங்கே செல்லும் என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரு காலத்தில் எல்லாமே பிளஸ் டூ மார்க்கில் இருந்தது. நுழைவுத் தேர்வு ரத்தான பிறகு 2016 வரை தமிழ்நாட்டில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு மருத்துவ இடம் கொடுத்தார்கள். மாமா, சித்தி, அக்கா என்று அந்தக் காலத்தில் சேர்ந்தவர்கள் இன்னமும் அதே கணக்கில் யோசனை சொல்வார்கள். 2017 முதல் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் நீட் மட்டுமே. சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி, யுனானிக்கும் நீட் வேண்டும். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு இங்கே தொழில் செய்ய நினைப்பவர்களும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். எய்ம்ஸ், ஜிப்மருக்குத் தனித் தேர்வு இருந்தது, 2020 முதல் அதுவும் போய்விட்டது.

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி 85 சதவீதம் மாநிலத்துக்கு, நம் 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி. இரண்டுக்கும் நீட் ரேங்க்தான். பிளஸ் டூவில் 600-க்கு 590 எடுத்தாலும் 420 எடுத்தாலும் அங்கே ஒன்றுதான்.

அப்படியானால் பிளஸ் டூ மார்க் எதற்கு? மற்ற எல்லாவற்றுக்கும்! கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம், பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், இன்ஜினியரிங் என்று தமிழ்நாட்டு மாணவர் மாற்றாக நினைக்கும் படிப்புகளில் பெரும்பாலானவை பிளஸ் டூ மார்க்கில்தான் கிடைக்கின்றன. "நீட்தான் முக்கியம், போர்டு மார்க் பாஸ் ஆனால் போதும்" என்று சில கோச்சிங் சென்டர்களில் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, நீட்டும் நழுவி, 12-ஆம் வகுப்பு மார்க்கும் கையில் இல்லாமல் ஆகஸ்ட் மாதத்தில் நிற்கிற பிள்ளைகளின் நிலைமை பாவம்.

படி 3: பயோ-மேத்ஸா, பியூர் சயின்ஸா?

விஷயமே இங்கேதான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சேர்க்கை நாளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"சார், கணக்கை விட்டுட்டா அந்த நேரத்துல பயாலஜி படிக்கலாம்ல?"

"விட்ட இடம் காலியா இருக்காதும்மா. தாவரவியல் தனிப் பாடம், விலங்கியல் தனிப் பாடம்னு வந்துடும். நாலு பாடம் நாலு பாடம்தான்."

ஆசிரியர் சொல்வது சரி. பயோ-மேத்ஸில் உயிரியல் ஒரே பாடம், எழுத்துத் தேர்வு 70 மார்க்கில் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. புத்தகங்களும் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று தனியாகவே வருகின்றன. பியூர் சயின்ஸில் தாவரவியலுக்கு மட்டும் 100, விலங்கியலுக்கு மட்டும் 100. செய்முறையும் இரண்டு. கணிதம் போனதால் பாரம் பாதியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் படிக்கிறது எல்லாமே நீட்டோடு நேரடித் தொடர்பு உள்ளதாக இருக்கும். பியூர் சயின்ஸின் உண்மையான லாபம் அதுதான். நீட்டில் 180 கேள்விகளில் 90 உயிரியல், அதாவது 720-க்கு 360. சம மார்க் வந்தால் முதலில் பார்ப்பதும் உயிரியல் மார்க்கைத்தான்.

அடுத்து, "கணக்கு இல்லாமல் நீட் இயற்பியல் எப்படிப் போடுவது?" என்ற பயம். இதைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு பொருள் கடக்கும் தூரம், நேரத்தின் வர்க்கத்தை 6-ஆல் பெருக்கி அதிலிருந்து நேரத்தின் கனத்தைக் கழித்தால் வரும் அளவு என்று வையுங்கள். அதன் முடுக்கம் எந்த வினாடியில் சுழியாகும்? ஒருமுறை வகையிட்டால் திசைவேகம், இன்னொருமுறை வகையிட்டால் முடுக்கம். 12-லிருந்து நேரத்தின் 6 மடங்கைக் கழிக்க வேண்டியிருக்கும். அது சுழியாவது 2-ஆவது வினாடியில். வகையிடல் தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை. தெரியாதவருக்குக் கேள்வியே புரியாது.

கணக்கு எடுத்தவருக்கு இது லாபம் என்று தோன்றும். ஆனால் மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் வகையிடல் வருவது இரண்டாம் தொகுதியில். இயற்பியலுக்கோ அது இரண்டாம் பாடமான இயக்கவியலிலேயே வேண்டும், அதாவது பள்ளி திறந்து கொஞ்ச நாளில். அதனால்தான் வெக்டர், வகையிடல், தொகையிடல் மூன்றையும் இயற்பியல் புத்தகமே அந்தப் பாடத்தில் சுருக்கமாகச் சொல்லித் தருகிறது. ஆக, ஆரம்பத்தில் பயோ-மேத்ஸ் பிள்ளைக்கும் பியூர் சயின்ஸ் பிள்ளைக்கும் இதைக் கற்றுத்தர வேண்டியவர் இயற்பியல் ஆசிரியர்தான். பிறகு ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி செய்வதால் பயோ-மேத்ஸ் பிள்ளைக்குக் கை வேகம் வந்துவிடும். பியூர் சயின்ஸ் எடுப்பவர் அந்த வேகத்தைத் தானாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முக்கோணவியல் விகிதங்கள், மடக்கை, அடுக்குக்குறி, எளிய வகையிடல், தொகையிடல், வரைபடம் படிப்பது என்று பட்டியல் சின்னதுதான். கால்குலேட்டர், மடக்கை அட்டவணை எதுவும் நீட்டில் கிடையாது என்பதால் மனக்கணக்கும் வேண்டும்.

இயற்பியலை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், உயிரியலில் நல்ல மாணவர்கள் எல்லாருமே மார்க் எடுத்துவிடுவார்கள். ரேங்க் பிரிவது இயற்பியலில். ஒரு கற்பனை மாணவியை எடுத்துக்கொள்வோம் (நீட்டில் சரியான விடைக்கு 4 மார்க், தவறான விடைக்கு 1 மார்க் கழியும்). உயிரியலில் 75 சரி, 10 தவறு, 290 மார்க். வேதியியலில் 30 சரி, 8 தவறு, 112. இயற்பியலில் 15 சரி, 15 தவறு, 45 மார்க். மொத்தம் 447. உயிரியலில் இன்னும் எவ்வளவுதான் கூடிவிடும்? 70 மார்க்கோடு முடிந்தது. இயற்பியலில் 135 மார்க் அப்படியே கிடக்கிறது. கணக்கை விட்டதால் மிச்சமாகும் நேரம் இயற்பியலுக்குப் போகாவிட்டால், விட்டதில் பிரயோஜனம் இல்லை.

சரி, இப்போது "கிடைக்காவிட்டால்" கணக்கு. ஒரு பயோ-மேத்ஸ் பிள்ளை பிளஸ் டூவில் இயற்பியல் 80, வேதியியல் 84, உயிரியல் 90, கணிதம் 70 எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மார்க் ஷீட்டை ஒவ்வொரு கவுன்சலிங்கும் வேறு வேறு விதமாகப் படிக்கும்.

இன்ஜினியரிங்: கணிதம் முழுதாக 100-க்கு, மற்ற இரண்டும் 50-க்கு. 70 + 40 + 42 = 152.

கால்நடை மருத்துவம்: உயிரியல் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் 50-க்கு. 90 + 40 + 42 = 172.

வேளாண்மை: நான்கு பாடமும் 50-க்கு. 40 + 42 + 45 + 35 = 162.

இதே பிள்ளை பியூர் சயின்ஸ் எடுத்து, தாவரவியலில் 92, விலங்கியலில் 88 வாங்கியிருந்தால் வேளாண்மைக்கு 40 + 42 + 46 + 44 = 172. கால்நடை மருத்துவத்துக்கு மாற்றமில்லை. இன்ஜினியரிங் இல்லை. அரை மார்க்கில் ஊர் மாறிப் போகும் வேளாண் கவுன்சலிங்கில் 10 மார்க் என்பது பெரிய வித்தியாசம். மாறாக, கணிதத்தில் 95 எடுக்கக்கூடிய பிள்ளையாக இருந்தால் பயோ-மேத்ஸிலேயே வேளாண்மைக்கு 174.5, இன்ஜினியரிங்குக்கு 177. அந்தப் பிள்ளைக்கு பியூர் சயின்ஸ் எடுப்பதில் எந்த லாபமும் இல்லை, கதவுதான் ஒன்று குறையும்.

என் அளவுகோல் இதுதான். கணிதத்தில் உயிரியலுக்குச் சமமாகவோ கூடவோ மார்க் வாங்குவார் என்றால் யோசிக்காமல் பயோ-மேத்ஸ். கணிதத்தில் 70-ஐத் தாண்டவே தினமும் டியூஷன் தேவைப்படும், இன்ஜினியரிங் பக்கம் மனமே இல்லை என்றால் பியூர் சயின்ஸ். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு நான் பயோ-மேத்ஸையே சொல்வேன். 15 வயதில் "எனக்கு டாக்டர் மட்டும்தான்" என்று சொல்லும் பிள்ளை 17 வயதில் வேறு சொல்லலாம். அப்போது கணிதம் கையில் இருந்தால் நல்லது.

பியூர் சயின்ஸ் எடுத்தால் மூடப்படும் கதவுகளையும் சொல்லிவிடுகிறேன்: இன்ஜினியரிங், கட்டடக்கலை, கணிதம் சார்ந்த பட்டப்படிப்புகள், தேசிய பாதுகாப்பு அகாதமி வழியாக விமானப்படை, கடற்படை. ஆராய்ச்சிப் படிப்புக்கான ஐசர் நிறுவனங்களில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கில் ஏதாவது மூன்று இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதன் நுழைவுத் தேர்வில் 60 கேள்விகளில் 15 கணிதம். நர்சிங், ஃபார்மசி, லேப் டெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி பி.எஸ்சி. போன்றவை பியூர் சயின்ஸுக்குத் தடையில்லை.

ஒன்று மட்டும் மனத்தில் வையுங்கள். பியூர் சயின்ஸ் "மார்க் குறைஞ்ச பிள்ளைங்க குரூப்" என்ற பேச்சு பள்ளிகளில் உண்டு. அந்தப் பேச்சுக்காக மட்டும் கணிதத்தை எடுத்து இரண்டு வருடம் கஷ்டப்படுவது அநாவசியம்.

படி 4: மற்ற சேர்க்கைகள்

சில பள்ளிகளில் கணிதத்துக்குப் பதிலாக கம்ப்யூட்டர் சயின்ஸ், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மனையியல் என்று நான்காவது பாடம் கிடைக்கும். மூன்று அறிவியல் பாடங்கள் இருக்கும்வரை நீட்டுக்குத் தடையில்லை. நான்காவது பாடம் உங்களுக்கு எளிதாக இருந்து, அதற்கு ஆசிரியரும் இருந்தால் எடுக்கலாம். வேளாண்மை போன்ற கவுன்சலிங்கில் அந்தச் சேர்க்கை ஏற்கப்படுமா என்பதை மட்டும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தகவல் கையேட்டில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கம்ப்யூட்டர்-மேத்ஸ் எடுத்துவிட்டு நடுவில் மருத்துவ ஆசை வந்தால்? முன்பு வழியே இல்லை. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் விதியைத் தளர்த்தியது. பிளஸ் டூ முடித்த பிறகும் அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம். இருந்தாலும் இது மனம் மாறியவர்களுக்கான வழி. "இப்போதைக்கு கம்ப்யூட்டர் எடுப்போம், அப்புறம் பயாலஜி பார்த்துக்கலாம்" என்று திட்டம் போட்டுப் போகிற பாதை இல்லை. செய்முறையோடு சேர்த்து ஒரு முழுப் பாடத்தைத் தனியாகப் படிப்பது சாதாரண வேலையா?

படி 5: போர்டு மாறுவதற்கு முன்னால்

"நீட் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்திலிருந்துதான் வருகிறது, ஆகவே சி.பி.எஸ்.இ.-க்கு மாற்றிவிடலாமா?" என்ற கேள்வி வராத வீடு குறைவு. முதல் பாதி உண்மை. உயிரியல் கேள்விகளில் பல என்.சி.இ.ஆர்.டி. வரிகளை ஒட்டியே இருக்கும். ஆனால் 2018-19 முதல் வந்த நம் மாநிலப் புத்தகங்களும் கனமானவைதான். பல இடங்களில் என்.சி.இ.ஆர்.டி.-யைவிட அதிகமாகவே இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்துக்கொண்டே உயிரியலுக்கு மட்டும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் நிறைய. வாரியம் மாற வேண்டிய கட்டாயம் இல்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளையாக இருந்தால் இந்தக் கேள்வியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2020-இல் கொண்டுவந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும், ஆனால் போட்டி அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும். பொதுப் போட்டியில் இடம் கிடைக்கவே வாய்ப்பில்லாத மார்க்கில் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த அரசுப் பள்ளிப் பிள்ளையை, சலுகைக் கட்டணம் என்று சொல்லித் தனியார் பள்ளிகள் தேடி வந்து அழைக்கும். போனால் இந்த உரிமை அன்றோடு போய்விடும். 11, 12 இரண்டு வருடம்தானே என்று நினைக்கிற பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தக் கணக்கில் வராது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அக்கம்பக்கத்தில் சொல்வதென்றால் இதைச் சொல்லுங்கள்.

பெயருக்குப் பள்ளியில் சேர்த்துவிட்டு நாள் முழுக்கக் கோச்சிங்கில் உட்கார வைக்கும் டம்மி ஸ்கூல் ஏற்பாடும் இருக்கிறது. சி.பி.எஸ்.இ.-யில் 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். இப்படிப்பட்ட பள்ளிகள்மீது அந்த வாரியம் நடவடிக்கையும் எடுத்து வருகிறது. சிக்கினால் பொதுத் தேர்வே எழுத முடியாத நிலை வரும்.

படி 6: தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள்

நீட்டைத் தமிழிலும் எழுதலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதி. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் தவறாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: தமிழில் படியுங்கள், ஆனால் கலைச்சொல்லை இரண்டு மொழியிலும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பசுங்கணிகம் என்றால் குளோரோபிளாஸ்ட், உந்தம் என்றால் மொமென்டம் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டே வந்தால் இரண்டு வருடத்தில் தானாக வந்துவிடும். நீட்டுக்காகப் பதினொன்றாம் வகுப்பில் திடீரென்று ஆங்கில வழிக்கு மாறி, முதல் ஆறு மாதம் பாடமே புரியாமல் போவதைவிட இது மேல்.

படி 7: பள்ளியில் கேட்க வேண்டியவை

குரூப் சரியாக இருந்து பள்ளி சரியில்லை என்றால் பயனில்லை. முதலில் கேட்க வேண்டியது: "பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒழுங்காக நடத்துவீர்களா?" கேட்கவே சங்கடமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். பதினொன்றைப் பேருக்கு ஓட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் உருப்போட வைக்கும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டு முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான். பழைய வழக்கம் திரும்பவும் தலைதூக்குமோ என்ற கவலையும் கூடவே இருக்கிறது. நீட்டில் ஏறக்குறைய பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம்: சுவாசம், இரத்த ஓட்டம், நரம்பு மண்டலம் என்று மனித உடலியங்கியல் முழுக்க, ஒளிச்சேர்க்கை, இயற்பியலில் இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும், வேதியியலில் சமநிலை. இதைத் தாண்டிக் குதித்துவிட்டு வந்த பிள்ளைக்கு 12 முடிந்தபின் எந்தக் கிராஷ் கோர்ஸும் ஈடு செய்ய முடியாது.

அப்புறம், இயற்பியல் ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை வருடமாக இருக்கிறார்? தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் தனித்தனி ஆசிரியர்களா? ஆய்வகம் பூட்டியே கிடக்கிறதா? சென்ற வருட மாணவர் ஒருவரிடம் பள்ளி வாசலில் பேசினாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

பள்ளியோடு சேர்ந்த நீட் கோச்சிங் என்றால் கட்டணத்தைப் பள்ளிக் கட்டணத்திலிருந்து பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் கோச்சிங் வேண்டாம் என்று நினைத்தால் பணம் திரும்பி வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: சேர்வதற்கு முன் பிள்ளையைப் பாருங்கள்

ரிசல்ட்டுக்கும் பள்ளி திறப்புக்கும் நடுவில் சில வாரங்கள் கிடைக்கும். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் இரண்டாம் பாடத்தையும், விலங்கியலில் ஏதாவது ஒரு பாடத்தையும் எடுத்துக் கொடுங்கள். யாரும் சொல்லித்தராமல் தானாகப் படித்துப் பார்க்கட்டும். எல்லாம் புரிய வேண்டியதில்லை. விலங்கியலில் வரும் பெயர்களையும் படங்களையும் பார்த்து அலுத்துப்போகிறதா, அல்லது இன்னும் நாலு பக்கம் புரட்டுகிறதா? இயற்பியல் கணக்கில் தப்பு வந்தால் மறுபடி போட்டுப் பார்க்கிறதா, மூடி வைக்கிறதா? பத்தாம் வகுப்பு அறிவியல் மார்க் 98 என்பது இதைக் காட்டாது, ஏனென்றால் அங்கே மனப்பாடத்திலேயே நிறைய தூரம் போய்விடலாம்.

சேர்ந்த பிறகு குரூப் மாற்ற வேண்டும் என்று தோன்றினால் முதல் சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். இடம் இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். காலாண்டுத் தேர்வு வரை இழுத்தால் விட்டுப்போன பாடமே மலையாகிவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் போய் மாற்றலாம் என்று நினைக்கவே வேண்டாம், இரண்டு வருடமும் ஒரே பாடங்கள்தான் இருக்க வேண்டும்.

படி 9: காகிதங்கள்

இது குரூப்போடு சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும், சேர்க்கை வேலையாக அலையும்போதே முடித்துவிட்டால் பிறகு அல்லல் இல்லை. சாதிச் சான்றிதழ், பிள்ளையின் பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்ற சரிபார்ப்பு, வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்று. 7.5 சதவீத ஒதுக்கீடு கேட்பவர்கள் ஆறு முதல் படித்த ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்று வாங்க வேண்டியிருக்கும். ஊர் மாறி வந்தவர்கள் இப்போதே ஒரு நடை போய்வரலாம். பி.சி., எம்.பி.சி. பிரிவினர் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. அதை மட்டும் இப்போது வாங்கிப் பயனில்லை. வருமானம் பார்த்துக் கொடுப்பது என்பதால் கவுன்சலிங் நடக்கும் நிதியாண்டில் புதிதாக எடுக்க வேண்டும். அந்த வருடம் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டால், ரிசல்ட் வந்தபின் தாலுகா அலுவலகத்தில் கூடும் கூட்டத்தில் மாட்டாமல் தப்பிக்கலாம்.